வெயிலில் வைத்த இசைத்தட்டுகள்

எங்கள் வீட்டில் இசைத்தட்டுகள் ரவிக்கைத் துணியில் தைத்த உறைகளில் இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். "அழகுக்காகத் தெச்சீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் காபி ஆறிப்போகும். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை.

நானும் என் வீட்டுக்காரரும் வடமாலபேட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள். கல்யாணமான கையோடு திருப்பதிக்கு வந்து, ரயில்பாதைக்கு இந்தப் பக்கம் பள்ளமான ஒரு தெருவில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். அவர் எலக்ட்ரீஷியன், நான் தையல்காரி. எந்தக் கடைக்குப் போனாலும் புதுச் சாமான்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கலர் டிவி, வாஷிங் மெஷின், தெருவுக்கு ஒரு எஸ்டிடி பூத். கேசட் வந்ததும் மைக் செட்காரர்கள் இசைத்தட்டுகளை மூட்டை கட்டி வெளியே வைத்தார்கள். ஊரெல்லாம் பழையதை வெளியே வைக்க, கல்யாணத்துக்கு முன்பே தட்டு சேர்த்துவந்த என் வீட்டுக்காரர் அதை எடுத்து உள்ளே வைத்தார். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளில் ஒரு கோணிப்பையோடு புத்தூர், நகரி, ஏர்பேடு என்று எங்காவது கிளம்பிவிடுவார். திரும்பும்போது பையில் பத்து தட்டு இருக்கும், முகத்தில் புதையல் எடுத்த களை இருக்கும்.

நான் அவற்றைத் தோசைக்கல் என்று சொல்வேன். இருப்பது இரண்டு அறை. அதில் கட்டில், தையல் மிஷின், அடுப்பு, கைக்குழந்தையாக இருந்த மகளின் தூளி எல்லாம் போக மிச்சம் இருந்த இடத்தை இந்தத் தோசைக்கல்கள் பிடித்துக்கொண்டால் எரிச்சல் வராதா? அவர் ஒரு தட்டைப் போட்டுவிட்டு, "மே, இந்த எடத்த மட்டும் கேளுமே" என்று கூப்பிடுவார். நான் மிஷினை இன்னும் வேகமாக மிதிப்பேன். அந்தச் சத்தத்தில் பாட்டு காணாமல் போய்விடும். அவர் ஊசியை எடுத்து மறுபடி முதலிலிருந்து வைப்பார். இப்போது நினைத்தால் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பிறகு எல்லோரும் போனது போல அவரும் குவைத்துக்குப் போனார். பெரிய கட்டடம் ஒன்றில், ஏசிக்குக் குளிர் அனுப்பும் கம்ப்ரஸர் ரூமில் வேலை. கிளம்புவதற்கு முன்னால் நூற்றெண்பத்தாறு தட்டுகளையும் மூன்று மரப்பெட்டிகளில் அடுக்கிப் பரண்மேல் ஏற்றினார். "துன்றதுக்கு இல்லன்னா கூட மிச்சத்த வித்துக்க. இத மட்டும் கீழ எறக்காத" என்றார். சரி என்றேன்.

இறக்கினேன். அவர் போன ஏழாவது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மொத்தமாகச் சீருடை தைக்கும் வேலை கிடைத்தது. துணிக்கட்டுகள் மலையாகக் குவிந்தன. துணியில் எலி வாய் வைத்தால் என் பிழைப்பு போய்விடும் என்று கட்டுகளைப் பரணில் ஏற்றி, பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அன்றைக்கு எனக்கு அது மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் நான்கு நாள் கொட்டியது. மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் கால்வாயை மீறி எங்கள் தெருவுக்குள் வந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் நான் முதலில் மிஷினின் தலையைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தேன். அடுத்து கேஸ் அடுப்பு, மகளின் புத்தகப்பை, அரிசி டின். பிறகு மகளை இழுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி மேட்டில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்கு ஓடினேன். அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. வாய் நீளம், மனசு அதைவிட நீளம். அவள் வீட்டில் இரண்டு நாள் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது ஒரு தடவைகூடக் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகள் என் நினைவுக்கு வரவில்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து வீட்டைத் திறந்தபோதுதான் அவை நினைவுக்கு வந்தன. பெட்டிகள் ஊதிப்போய் மூடிகள் பிளந்திருந்தன. அட்டை உறைகள் கூழாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. செம்மண் சேறு ஒவ்வொரு தட்டின் நடுவிலும் படிந்திருந்தது. பரணில் இருந்த சீருடைத் துணி மட்டும் மடிப்புக் கலையாமல் ஜம்மென்று இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குவைத்தில் விடுமுறை நாள் என்பதால் வாராவாரம் பதினோரு மணிக்குத் தெருமுனை பூத்துக்கு அவருடைய போன் வரும். அன்றைக்கு அவர் குரலில் சந்தோஷம் வழிந்தது. "மே, நான் வந்துகினு கீறேன். பொங்கலுக்கு. திரும்பிப் போறதா இல்ல. மொத்தமா வந்துடறேன்." எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அடுத்த மூச்சில் அவர் கேட்டார், "பிளேட்டுங்கோ எல்லாம் பத்திரமா கீதா? மொத நாளே ஒக்காந்து கேக்கணும்."

"பத்திரமா கீது மாமா" என்றேன்.

வாயில் அப்படித்தான் வந்தது. ஏழு வருஷம் அந்தக் கம்ப்ரஸர் ரூமில் கிடந்த மனுஷன், ஊர் திரும்பியதும் செய்ய ஆசைப்பட்டது அந்த ஒரே காரியம். அதை நான் கட்டிலுக்கு அடியில் ஊறவிட்டேன் என்று பூத்துக்காரர் முன்னால் நின்று எப்படிச் சொல்வேன்? பொங்கலுக்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குள் சொன்ன பொய்யை நிஜமாக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நாத்தனார்தான் துணை. "எங்க அண்ணன் உன்ன கட்டிக்கிறதுக்கு முன்னாடியே இதுங்கள கட்டிக்கினு இருந்துச்சி அண்ணி. மூத்தவள தண்ணில உட்டுட்டியே" என்று சிரித்துக்கொண்டே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டுச் சேலைக்குப் போடுகிற பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எடுத்தோம். பழைய வேட்டித் துணியில் அதைத் தொட்டு, கோடுகள் ஓடுகிற போக்கிலேயே வட்டமாகத் துடைத்தோம். நடுவில் இருந்த வட்டக் காகிதத்தில் சேறு அப்பியிருந்ததால் அதையும் நன்றாகத் தேய்த்தேன். முப்பது தட்டு தேய்த்து முடித்த பிறகுதான், சேற்றோடு சேர்ந்து பாட்டின் பெயரும் வழிந்து போகிறது என்று தெரிந்தது. மிச்சத் தட்டுகளில் மட்டும் என்ன வாழ்ந்தது, பாதிக்குமேல் எழுத்துகள் ஏற்கெனவே கரைந்திருந்தன.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய கூத்து. எங்கள் பக்கத்தில் எது நனைந்தாலும் ஒரே வைத்தியம் வெயில்தான். மிளகாய், வேர்க்கடலை, புளி, மாம்பழக்கூழ், தலையணை, நனைந்த பட்டா பாஸ்புத்தகம்கூட வெயிலுக்குத்தான் போகும். எனக்கு வேறு என்ன தெரியும்? நாத்தனார் வீட்டு மாடியில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதன் கூரைமேல் பழைய சேலையை விரித்து, நாற்பது தட்டுகளை வடாம் பிழிந்த மாதிரி வரிசையாகப் பரப்பினேன். காக்காய் வராமல் இருக்க ஒரு கறுப்புத் துணியும் கட்டினேன். நல்ல வேலை செய்தோம் என்ற திருப்தியில் இருவரும் கீழே போய்ச் சாப்பிட்டோம்.

இரண்டு மணிக்கு மேலே போன நாத்தனார் கூப்பிட்ட குரலே சரியில்லை. ஏறிப் பார்த்தேன். தட்டுகள் ஒவ்வொன்றும் ஓரம் தூக்கி, குழிந்து, நெளிந்து கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன், இளகின வெல்லப்பாகு போல வளைந்தது. தண்ணீர் கெடுக்காததை நான் கெடுத்திருந்தேன். அங்கேயே மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அழுவாத அண்ணி. எண்ணெய்ல போட்டு எடுத்தா பொங்கலுக்குத் தொட்டுக்க ஆவும்" என்றாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவளை அடித்தேன்.

தட்டுகளை அழுத்தி வைக்கப் பலகை கிடைக்குமா என்று கேட்கத்தான் கோயில் தெருவில் இருந்த சாமி படக் கடைக்குப் போனேன். திருப்பதியில் அப்படிப்பட்ட கடைகளுக்குப் பஞ்சமில்லை. மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பெருமாளைக் கண்ணாடி போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். கடைக்காரர் தெலுங்குக்காரர், வாயில் சின்ன ஆணிகளைக் கவ்விக்கொண்டு சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோன நெளிந்த தட்டைப் பார்த்ததும் ஆணிகளைக் கையில் துப்பினார்.

"எண்டலோ பெட்டினாரா?" என்றார். வெயிலில் வைத்தீர்களா என்று கேட்கிறார். தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு தமிழுக்கு வந்தார். "ஏம்மா, சூட்டுல வளைஞ்சத சூட்டுலதான் நிமித்தணும். பலக வெச்சி அழுத்துனா ஒடையும். எங்க பிளாஸ்டிக் படம் சுருண்டுக்கினா இன்னா செய்வோம் தெரியுமா?" தடித்த கண்ணாடித் துண்டுகள் இரண்டை எடுத்து, என் தட்டை நடுவில் வைத்துக் காட்டினார். "கால வெயில்ல வை. மத்தியானம் வேணாம். மேல் கண்ணாடி தானா எறங்கி ஒக்காரும். அப்பறம் அப்படியே நெழலுக்குத் தூக்கினு போய் வெச்சிரு. ஆற வரைக்கும் தொடாத. ஆசப்பட்டு எடுத்துப் பாத்தியோ, மறுபடி சுருண்டுக்கும்."

"ஆசப்பட மாட்டேன் அண்ணா" என்றேன். விளிம்பு தேய்த்த ஆறு ஜோடிக் கண்ணாடிகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் பேச்சு.

ஆசைப்படாமல் இருப்பது சுலபமில்லை. முதல் நாள் நிழலில் ஆறிக்கொண்டிருந்த கண்ணாடியை நான்கு தடவை சுற்றி வந்தேன். சாயங்காலம் மேல் கண்ணாடியைத் தூக்கினேன். தட்டு சமமாகக் கிடந்தது. அதை, பரணில் துணிக்கட்டுகளோடு தப்பித்த அவருடைய பழைய பிளேயரில் வைத்துச் சுழல விட்டபோது லேசாக ஏறி இறங்கியது, ஆனால் ஓடியது. ஊசி துள்ளுகிற தட்டுகளுக்கு ஊசிக்கையின் தலையில் ஒரு நாலணாக் காசை வைத்தேன். மைக் செட்காரர்கள் செய்வதை எப்போதோ பார்த்த ஞாபகம். ஒரு நாளைக்கு ஆறு தட்டு என்று வேலை நடந்தது. வளையாத தட்டுகளை இந்த முறை புத்தியாக வீட்டுக்குள் கொடிக்கயிற்றுக்குக் கீழே சாய்த்து வைத்து உலர்த்தினோம். கூழாய்ப்போன அட்டை உறைகளுக்குப் பதிலாக, தைத்து மிஞ்சின ரவிக்கைத் துணிகளில் உறைகள் தைத்தேன்.

பெயர் போன தட்டுகளுக்கு என்ன வழி? போட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒரு பக்கம் தட்டைப் போட்டுவிட்டு மிஷினில் உட்காருவேன். ரேடியோவில் கேட்ட பாட்டாக இருந்தால் எனக்கே தெரியும். தெரியாததற்கு நாத்தனாரைக் கூப்பிடுவேன். அவளுக்கும் தெரியாவிட்டால் எனக்குத் தோன்றியதை எழுதி ஒட்டினேன். 'பெண் அழைப்புக்குப் போடுவது.' 'நாதசுரம், நடுவில் யாரோ இருமுகிறார்கள்.' 'காரணமில்லாமல் சிரிப்பு வருகிற பாட்டு.' அளவு கொடுக்க வந்த பெண்கள் அளவு கொடுத்த பிறகும் பாட்டு முடிகிற வரை வாசலில் நின்றார்கள். ஒருத்தி தன் ரவிக்கை தாமதமானதற்குச் சண்டை போட வந்து, இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, சண்டையை மறந்து போய்விட்டாள்.

அப்படி ஒரு நாள், கூரையில் மிக மோசமாக நெளிந்த தட்டு ஒன்றைப் போட்டேன். ஒரு பெண் குரல், பின்னால் வயலின் மட்டும். அவசரமே இல்லாமல் பாடினாள். இரண்டாம் சரணத்தில் ஊசி துள்ளி மூன்று வரிகளைத் தாண்டிப் போனது, இருந்தும் விட முடியவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் என் கால் மிதியில் இல்லை என்பதைக் கவனித்தேன். எப்போது மிஷினை நிறுத்தினேன் என்றே தெரியவில்லை. இதைக் கேட்கச் சொல்லித்தானே அந்த மனுஷன் இத்தனை தடவை கூப்பிட்டார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தட்டுக்கு 'மிஷின் நின்ற பாட்டு' என்று எழுதினேன். அதற்கு மட்டும் மீதமிருந்த பட்டு ரவிக்கைத் துணியில் உறை தைத்தேன்.

அந்த ஆறு வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பயம் இருந்தது, ஆனாலும் காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன கேட்கப்போகிறோம் என்றுதான் முதலில் தோன்றும். கடைசியில் கணக்கு இப்படி நின்றது. பழைய காலத்துக் கனமான தட்டுகள் ஒன்பது தண்ணீரில் ஊறி உடைந்துவிட்டன. ஆறு எதற்கும் மசியவில்லை. மீதி நூற்றெழுபத்தொன்றும் பாடின. இரைச்சல் இருந்தது, சில துள்ளின, ஆனால் பாடின. கண்ணாடிகளைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபோது சாமி படக் கடைக்காரர், "நிமிந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த சட்டத்தை எடுத்தார்.

போகிக்கு முந்தின நாள் ரேணிகுண்டாவில் இறங்கினார். மெலிந்திருந்தார், முன்தலையில் முடி போயிருந்தது. ஸ்டேஷனிலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். மகள் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வீட்டில் சாப்பாடு ஆனதும் கையைத் துடைத்துக்கொண்டே அவர் நேராக, நான் தட்டுகளை அடுக்கியிருந்த அலமாரிக்குப் போனார். கலர் கலராக நின்ற துணி உறைகளைப் பார்த்துவிட்டு, "யாருமே இதெல்லாம் தெச்சது?" என்று சிரித்தார்.

"மாமா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சி" என்றேன், அவர் முதுகைப் பார்த்து. அவர் திரும்பவில்லை. பட்டு உறையைத் தடவிப் பார்த்து, தட்டை உருவி, நான் ஒட்டியிருந்த எழுத்தைப் படித்தார். "மிஷின் நின்ன பாட்டா? இது இன்னாமே புதுசா?" இருப்பதிலேயே கெட்டுப்போன தட்டு. வேண்டாம், வேறு போடலாம் என்று கை நீட்டினேன். அதற்குள் அவரே வைத்துவிட்டார்.

சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டு, நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். பூரி பொரிகிற மாதிரி இரைச்சல். அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. முதல் வரியிலேயே, இதுதானா என்பது போலத் தலையை ஆட்டினார். ஒரு விரல் மட்டும் நாற்காலிக் கையில் தாளம் போட்டது. இரண்டாம் சரணம் வந்தது. ஊசி துள்ளி மூன்று வரி தாண்டிப் போனது. அவர் விரல் தடுமாறவே இல்லை. பாட்டு முன்னால் போய்விட்டது, விரல் பின்னால் நிதானமாக வந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்து ஊசி கடைசிக் கோட்டில் டக் டக்கென்று அடித்துக்கொண்டு கிடந்தபோதும் அவர் விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தாண்டிப்போன மூன்று வரிகளையும் முடித்த பிறகுதான் நின்றது.

கண்ணைத் திறந்து, "அப்படியே கீதுமே. ஒரு கீறல் இல்ல" என்றார்.

ஊசியைத் தூக்கி வைத்தேன். "மாமா, காது இன்னா ஆச்சி?" என்று கேட்டேன். அவர் என் வாயைப் பார்த்தார். மறுபடி, அவர் முன்னால் போய் உட்கார்ந்து கேட்டேன்.

அவர் வலது காதைத் தொட்டுக் காட்டினார். "சோத்துக் கை பக்கத்து காது முழுசா போயிட்ச்சி. இந்தப் பக்கம் கொஞ்சம் கேக்குது. ஏழு வருசம் அந்த ரூம் சத்தத்துல, இன்னா பண்றது? கம்பெனி டெஸ்ட்ல தெரிஞ்சிபோச்சி, ஊருக்குப் போன்னுட்டான். போன்ல சொன்னா நீ அழுவன்னு சொல்லல." பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "பாட்டு எல்லாம் ஞாபகத்துல கீது. அதுக்கு ஒண்ணும் ஆவல" என்றார்.

நான் அழவில்லை. இந்த மனுஷன் வீட்டுக்கு வந்துவிட்டார், இனி எங்கேயும் போகமாட்டார் என்ற நினைப்பே அப்போது பெரிதாக இருந்தது. துக்கமும் நிம்மதியும் ஒரே நேரத்தில் வந்தால் எதற்கு முதலில் இடம் கொடுப்பது? தரையில் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டேன்.

"அதையே இன்னொருவாட்டி போடு" என்றார்.

போட்டேன். இந்த முறை அவர் முழங்காலில் நான் தாளம் தட்டினேன். என் கை சொல்வதைக் கேட்டுக்கொண்டே அவர் தலையை ஆட்டினார். முதல் சரணம் போனது. இரண்டாவது வந்தது. ஊசி துள்ளியது. சும்மா தட்டிக்கொண்டே போயிருக்கலாம், அவருக்கு என்றைக்கும் தெரிந்திருக்காது. பாட்டு தாண்டிய இடத்துக்கு நானும் தாண்டித் தட்டினேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இங்க தாண்டுதா?"

"தாண்டுது மாமா" என்றேன்.